குதிரைக்குட்டிகளின் நிமோனியா: இரத்தப் பரிசோதனையை நம்பிய, நம்ப முடியாமற்போன அனுபவங்கள்

லெக்சிங்டன் கால்நடை மருத்துவர்

ரோடோகாக்கஸ் ஈக்வி, மண்ணில் வாழ்ந்து குதிரைக்குட்டிகளின் நுரையீரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் பாக்டீரியா; இங்கே யாருக்கும் அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராகவே தொடங்குகிறேன். கென்டக்கியில் நான் பார்க்கும் பண்ணை ஒன்றில் இந்த நிமோனியா ஆண்டு தவறாமல் வருகிறது. ஆகவே குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆனதும் இரத்தம் எடுத்து வெள்ளணுக்களையும், இரத்தம் உறைய உதவுவதும் அழற்சியில் உயர்வதுமான ஃபைப்ரினோஜன் புரதத்தையும் பார்க்கத் தொடங்கிவிடுவோம். சென்ற பருவத்தில், ஏழு வார வயதுடைய ஆண்குட்டி ஒன்றுக்கு வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 18,000-ஐத் தாண்டியிருந்தன. ஃபைப்ரினோஜன் டெசிலிட்டருக்கு 700 மில்லிகிராம். இரண்டுமே இயல்பைவிட அதிகம். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, பால்குடி குறையவில்லை. "இந்த லாயத்திலேயே துடியானவன் இவன்தான், டாக்டர்" என்றார் குதிரைக்காரர். உண்மைதான், அதைப் பிடித்து நிறுத்தவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இடது விலாவில் ஸ்பிரிட் ஊற்றி முடியை நனைத்து ஸ்கேன் கருவியை வைத்தேன். நுரையீரலின் மேற்பரப்பைக் காட்டும் வெண்கோடு மூச்சுக்கு மூச்சு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அது ஓரிடத்தில் அறுந்து, அதன் அடியில் ஆறு சென்டிமீட்டருக்கும் மேல் விட்டமுள்ள கருமையான உருண்டை ஒன்று தெரிந்தது. அடுத்த விலா இடைவெளியில் இன்னொன்று. உதட்டில் பால் நுரை காயாத அந்தக் குட்டியோ, தாயின் மடியை நோக்கித் திமிறிக்கொண்டே இருந்தது. இவ்வளவு பெரிய சீழ்க்கட்டிகளை மார்புக்குள் வைத்துக்கொண்டு ஓர் உயிர் எப்படித் துள்ளித் திரிகிறது என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை. கிளாரித்ரோமைசின், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கொடுத்தோம், குட்டி பிழைத்துக்கொண்டது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாததை இரத்தம் முதலில் சொல்லிவிடுகிறது என்பதே என் அனுபவம்.

டெக்சாஸிலிருந்து ஒரு பண்ணை மருத்துவர்

இரத்தம் முதலில் சொல்லிவிடுகிறது என்பதைப் பொதுவான விதியாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை, டாக்டர். எந்தப் பொருளை அளந்தோம் என்பதைப் பொறுத்து அது மாறும். எங்கள் பகுதியில் பண்ணைக்காரர் ஒருவர், தன் குட்டிக்குக் கையடக்கக் கருவியில், அழற்சியின்போது இரத்தத்தில் உயரும் சீரம் அமைலாய்டு ஏ என்ற புரதத்தைப் பார்த்துவிட்டு, அளவு இயல்பாக இருக்கிறது, வேறு ஏதோ ஒவ்வாமையாக இருக்கும் என்று நிம்மதியுடன் என்னை அழைத்தார். நான் லாயத்துக்குள் நுழைந்தபோது அந்தப் பெண்குட்டியின் நாசித்துளைகள் அகல விரிந்து விரிந்து சுருங்கின; ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழ்விளிம்பில் வயிற்றுத் தசை உள்ளே இழுத்துக்கொண்டது. கருவியின் திரையில் அந்தச் சிறிய எண் அப்போதும் அணையாமல் இருந்தது. அவர் அதை என்னிடம் நீட்டிக் காட்டினார். நான் குட்டியைக் காட்டினேன்.

சீரம் அமைலாய்டு ஏ சில மணி நேரத்திலேயே ஏறி, தூண்டுதல் நின்றதும் விரைவாக இறங்கிவிடும் புரதம். தொப்புள் சீழ், வயிற்றுப்போக்கு, தடுப்பூசி எதற்கும் அது துள்ளும். ஆனால் ரோடோகாக்கஸ், கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய விழுங்கணுக்களுக்குள்ளேயே பதுங்கி வாழ்ந்து, வாரக்கணக்கில் மெதுவாகச் சீழ்க்கட்டி கட்டும் கிருமி; அந்த மந்தமான போக்கில் இந்தப் புரதம் உயர்ந்தே தீரும் என்று சொல்ல முடியாது. டெக்சாஸில் கோஹனும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வும், இந்த நிமோனியாவை முன்கூட்டிக் கண்டறிய இதை நம்ப முடியாது என்றே முடிந்தது. அந்தக் குட்டியை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

ஆய்வக நுட்பர்

இரண்டு மருத்துவர்களும் எண்களை எழுதினீர்கள். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று இருவருமே எழுதவில்லை. ஃபைப்ரினோஜன் 700 என்பது எந்த முறையில் வந்தது, ஐயா? பல ஆய்வகங்களில் இன்றும் வெப்பமுறைதான் நடக்கிறது. மெல்லிய கண்ணாடிக் குழாயைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, 56 டிகிரி செல்சியஸ் நீரில் மூன்று நிமிடம் வைத்தால் ஃபைப்ரினோஜன் மட்டும் திரிந்து படியும். சூடாக்குவதற்கு முன்னும் பின்னும், ஒளி விலகலைக் கொண்டு புரதத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்த புரத அளவுகளின் வித்தியாசமே விடை. அந்தக் கருவியின் அளவுகோலில் ஒரு சிறுகோட்டை மேலே கீழே படித்தாலே 100 மில்லிகிராம் மாறிவிடும் என்பதால், 400-க்கும் 500-க்கும் இடையிலான வித்தியாசத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

என்னை உறுத்துவது வேறொரு மாதிரி. உறையாமல் தடுக்கும் மருந்து உள்ள ஊதா மூடிக் குழாயில் வந்த குட்டியின் இரத்தம். பார்வைக்குக் குறையேதும் இல்லை. வழக்கப்படி மரக்குச்சியை உள்ளே விட்டு மெல்லச் சுழற்றி எடுத்தபோது, நுனியில் கருஞ்சிவப்பு இழை ஒன்று ஒட்டிக்கொண்டு நீண்டு தொங்கியது. உறைந்துவிட்ட இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் அந்த உறைகட்டியிலேயே செலவாகியிருக்கும். சோதித்திருந்தால் 200 என்று வந்து, நோயுற்ற குட்டிக்கு நலச்சான்று கொடுத்திருக்கும். திருப்பி அனுப்பி, புது இரத்தம் கேட்டு வாங்கினோம், வந்தது 600. தயவுசெய்து குழாயில் இரத்தம் விழுந்த உடனேயே அதை எட்டுப் பத்து முறை கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். குட்டியைத் துரத்திப் பிடித்த மறு நிமிடமே ஊசி போடவும் வேண்டாம். மிரட்சியில் சுரக்கும் அட்ரினலின் வெள்ளணு எண்ணிக்கையைத் தற்காலிகமாக உயர்த்திவிடும்.

புனே பகுதிப் பண்ணை மருத்துவர்

எண்ணை மட்டும் பார்த்து மருந்து தொடங்கப்பட்ட ஒரு குட்டியை இன்னொரு பண்ணையில் பார்க்க நேர்ந்தது. எரித்ரோமைசின் கொடுத்துவிட்டு ஏப்ரல் வெயிலில் தாயுடன் மேய விட்டிருந்தார்கள். நண்பகலில் வெப்பநிலை 106 டிகிரி ஃபாரன்ஹீட். கழுத்தைத் தடவினேன், சூடான தோல், ஒரு பொட்டு வியர்வை இல்லை. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடு வகை மருந்துகள் குட்டிகளின் வியர்வையைத் தடுத்துவிடும் என்பதைப் பண்ணையில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. குளிர்ந்த நீரை ஊற்றி, நிழலுக்குக் கொண்டுபோய் மீட்டோம். பிறகு ஸ்கேன் செய்ததில் நுரையீரலில் சொல்லும்படியாக எதுவுமே இல்லை.

ஹனோவரில் பணிபுரியும் தமிழ் மருத்துவர்

புனே நண்பர் எழுதியதுதான் இந்த உரையாடலின் மையமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் அனுபவம் சிறியது: பயிற்சிக் காலத்தில் நான் வாரந்தோறும் ஸ்கேன் செய்த குட்டி ஒன்றுக்கு இரண்டு சென்டிமீட்டர் கட்டி இருந்தது, வெள்ளணுக்களும் சற்று உயர்ந்திருந்தன. மூத்த மருத்துவர் மருந்து எழுத மறுத்துவிட்டார். அடுத்தடுத்த வாரங்களில் கட்டி சுருங்கிச் சுருங்கி, ஒருநாள் எங்கே தேடியும் அகப்படவில்லை.

லெக்சிங்டன் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 2003-இல் ஃப்ளோரிடாவில் ஜிகேரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வெள்ளணுக்கள் 13,000 என்பதை எல்லையாக வைத்தால், நோயுற்ற நூறு குட்டிகளில் ஏறத்தாழ 95 சிக்கிவிடும். ஆனால் நலமான நூறில் 40 அளவுக்குச் சேர்ந்தே சிக்கும். எல்லையை 15,000-க்கு உயர்த்தினால் வீண் எச்சரிக்கை பத்துக்கும் கீழே இறங்கும். அதற்கு விலையாக நோயுற்றவற்றில் ஐந்தில் ஒன்று நழுவிவிடும். ஃபைப்ரினோஜன் இதைவிட மங்கலாகவே பிரித்துக் காட்டியது. ஆகவே இரத்த எண் யாரை ஸ்கேன் செய்வது என்று சொல்லட்டும்; யாருக்கு மருந்து என்பதை ஸ்கேனும், காய்ச்சலும், மூச்சும், தேவைப்பட்டால் மூச்சுக்குழலைக் கழுவி எடுத்த திரவத்தில், நோய் உண்டாக்கும் ரோடோகாக்கஸுக்குரிய வாப்-ஏ மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையும் சேர்ந்து முடிவு செய்யட்டும். சிறு கட்டிகள் உள்ள குட்டிகளில் பெரும்பாலானவை மருந்தின்றியே தேறிவிடுகின்றன என்பதை ஜெர்மனியில் மோனிகா வென்னர் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்கேனில் கட்டி தெரிந்த குட்டிக்கெல்லாம் மருந்து கொடுத்த கென்டக்கிப் பண்ணைகளில்தான், மேக்ரோலைடும் ரிஃபாம்பிசினும் கேட்காத ரோடோகாக்கஸ் தலையெடுத்தது; அது இப்போது அங்குள்ள மண்ணிலும் இருக்கிறது. அந்த மண்ணில்தான் அடுத்த ஆண்டுக் குட்டிகளும் பிறந்து விழும்.

லெக்சிங்டன் கால்நடை மருத்துவர்

ஆய்வக நண்பர் கேட்டதற்கு: 700 என்பது வெப்பமுறையில் வந்த அளவுதான். ஹனோவர் மருத்துவர் சொல்லும், கிருமி மருந்தை எதிர்க்கும் சிக்கலை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம், ஆகவே சிறு கட்டிகளுக்கு மருந்து கொடுப்பதை எங்கள் பண்ணையில் நிறுத்திவிட்டோம்; அவற்றை வாரந்தோறும் அளந்து மட்டும் வருகிறோம். ஆனால் நான் எழுதிய குட்டிக்கு ஆறு சென்டிமீட்டரில் இரண்டு கட்டிகள். அதைக் காத்திருந்து பார்க்கலாம் என்று உங்கள் மூத்த மருத்துவரும் சொல்லியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். டெக்சாஸ் மருத்துவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: இறந்துபோன அந்தப் பெண்குட்டியின் வெள்ளணு எண்ணிக்கையை யாராவது பார்த்திருந்தார்களா?