பட்டியலில் இருந்த எண்ணும் எதிரே உட்கார்ந்த சிறுவனும்

கிளப் ஆட்டக்காரர் ஒருவர்:

சதுரங்கத்தில் இளம் வீரர்களோடு மோதிய அனுபவங்களைக் கேட்டிருந்தீர்கள். நான் தரப்புள்ளிப் போட்டிகளில் இருபத்தேழு ஆண்டுகளாக ஆடிவருகிறேன். 2024 மார்ச் 1 அன்று, 2000க்குக் கீழே இருந்த அனைவருடைய ரேட்டிங்கை, அதாவது ஆட்ட பலத்தைக் காட்டும் தரப்புள்ளியை, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஒரே வீச்சில் உயர்த்தியது. ஒருவருடைய எண்ணுக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கைக் கூட்டிக் கொடுத்தார்கள். என் 1640 அன்று காலை 1784 ஆனது. ஒரு சிப்பாயைக்கூட நகர்த்தாமல் கிடைத்த 144 புள்ளிகள் அவை. அவற்றை யாரிடம் இழக்கத் தொடங்கினேன் என்பதை எழுதுகிறேன்.

அடுத்த மாதமே ஒரு திறந்த போட்டி. மூன்றாம் சுற்றுக்கான பட்டியலில் என் பெயருக்கு எதிரே 1484 என்று இருந்தது. ஒன்பது வயதுச் சிறுவன். முந்நூறு புள்ளி வித்தியாசம் இருந்தால், நூறு ஆட்டங்களில் மேலே இருப்பவருக்குச் சுமார் 85 புள்ளிகள் வர வேண்டும் என்பது ரேட்டிங்குக்கு அடிப்படையான எலோ கணக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் மேசைக்குப் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சிறுவர்களோடு ஆடும்போது ராணிகளை மாற்றிவிடு, தாக்குதல் ஆட்டத்தில் அவர்கள் புலிகள், இறுதியாட்டம் அவர்களுக்குத் தெரியாது என்று எங்கள் காலத்தில் மூத்த ஆட்டக்காரர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். அதன்படி பதினைந்தாவது நகர்விலேயே ராணிகள் பலகையை விட்டுப் போயின. முப்பத்துநான்காவது நகர்வில் என் சிப்பாய் ஒன்றும் போனது. அப்போதும் நான் கலங்கவில்லை. இரு தரப்பிலும் ஒவ்வொரு யானை மட்டும் மிஞ்சினால், ஒரு சிப்பாய் குறைந்தவன்கூடப் பல நேரங்களில் டிரா செய்துவிடலாம் என்ற துணிவு இருந்தது. ஆனால் நான் ஒவ்வொரு நகர்விலும் சற்றே பின்வாங்க, அவனுடைய சிப்பாய் ஏழாம் வரிசையை எட்டிவிட்டது. அதன் முன்னால் எட்டாம் வரிசையில் அவனுடைய ராஜாவே வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ராஜா வெளியே தலைகாட்டினால் பின்னாலிருந்து என் யானை விடாமல் செக் வைக்கும். பையன் அலுத்துப்போய் டிராவுக்குச் சம்மதிப்பான் என்பது என் திட்டம்.

அவன் தன் யானையை நான்காம் வரிசைக்குக் கொண்டுபோனான். தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. இதைப் பாலம் கட்டுவது என்பார்கள். லூசெனா நிலை என்று பாடப் பெயர். ராஜா செக்குகளுக்கு விலகி விலகிக் கீழே இறங்கி வரும், கடைசிச் செக்கை நான்காம் வரிசையில் காத்திருக்கும் யானை குறுக்கே நின்று தடுக்கும், சிப்பாய் ராணியாகும். அந்த நகர்வுக்கு அவன் ஐந்து நொடிகூட எடுக்கவில்லை. காயை வைத்தான், கடிகாரத்தை அமுக்கினான், தாளில் கொட்டை எழுத்தில் எழுதினான், நாற்காலியிலிருந்து இறங்கிப் பக்கத்து மேசை ஆட்டத்தைப் பார்க்கப் போய்விட்டான். எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தபடி, இல்லாத ஒரு செக்கைப் பதினொரு நிமிடங்கள் தேடினேன்.

கைகுலுக்கிய பிறகு, இதை எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "போன ஞாயிற்றுக்கிழமை அங்கிள்" என்றான்.

அந்தப் பதிலைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஃபிடே பட்டியல் மாதத்தின் முதல் நாளில் வருகிறது. அதில் இருப்பது, முடிந்துபோன ஆட்டங்களிலிருந்து தெரியவந்த பலம். நாற்பது வயதுக்காரருக்கு அது ஓரளவு பொருந்தும்; ஆறு மாதத்தில் நாங்கள் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறோம்? ஒன்பது வயதுப் பையனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையே ஒரு பருவம். அந்த ஆட்டத்தில் நான் 17 புள்ளிகள் இழந்தேன், அவன் 34 பெற்றான். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 2300ஐத் தொடும்வரை பெருக்கெண் (எதிர்பார்த்ததற்கும் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கும் எண்) 40, எனக்கு 20 என்பதால் இந்த இரட்டிப்பு. இளையவர்களின் எண் விரைவாக உண்மையை எட்டிப் பிடிக்கட்டும் என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அப்படியும் எட்டவில்லை என்பது என் அனுபவம்.

உச்சியிலும் இதே வேகம்தான் தெரிகிறது. பாபி ஃபிஷர் 1958இல் பதினைந்தரை வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதை ஜூடித் போல்கர் முறியடிக்க 1991 வரை, அதாவது முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆயின, அதுவும் ஓரிரு மாத வித்தியாசத்தில். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த வயது மூன்று ஆண்டுகள் இறங்கி, 2021இல் அபிமன்யு மிஸ்ராவோடு 12 ஆண்டு 4 மாதம் 25 நாளில் வந்து நிற்கிறது. காரணம் பிள்ளைகளின் மூளை மாறியதல்ல. ஒரு காலத்தில் நல்ல பயிற்சியாளர் கிடைத்தவனுக்கு மட்டும் வாய்த்த பாடங்கள் இன்று எல்லோருக்கும் வாய்க்கின்றன. ஏழு காய்கள் வரை மிஞ்சியிருக்கும் நிலைகளுக்கு முடிவு என்ன என்பதைக் கணினி அட்டவணைகள் பிழையின்றிச் சொல்லிவிடுகின்றன. இறுதியாட்டம் பெரியவர்களின் சொத்து என்ற எங்கள் நம்பிக்கைதான் முதலில் செல்லாக்காசானது.

போட்டி நடுவர் ஒருவர்:

ஐயா எழுதியதை மேசையின் மறுபக்கத்திலிருந்து நான் பல முறை பார்த்திருக்கிறேன். அவர் பதினொரு நிமிடம் யோசித்துவிட்டுக் கைகுலுக்கினார். எல்லோரும் அப்படி நடந்துகொள்வதில்லை.

ஒரு போட்டியின் ஏழாம் சுற்றில், 2000க்கு மேல் புள்ளி வைத்திருந்த ஒருவர் என்னைத் தனியே அழைத்து, தன் எதிரே ஆடும் பத்து வயதுச் சிறுமி அடிக்கடி எழுந்து போகிறாள், அவளுடைய ஆட்டம் அவளுடைய புள்ளிக்குப் பொருந்தவில்லை, எங்கேயோ கைப்பேசியைப் பார்த்துவிட்டு வருகிறாள், சோதியுங்கள் என்றார். இப்படிப்பட்ட புகாரை நடுவர் அலட்சியம் செய்யக் கூடாது. அதே நேரத்தில் அரங்கத்துக்குக் கேட்கும்படி அதைப் பெரிதாக்கவும் கூடாது. புகாரை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அவள் அடுத்த முறை எழுந்தபோது சற்றுத் தள்ளிப் பின்தொடர்ந்தேன். அவள் கழிப்பறைப் பக்கமே போகவில்லை. முதல் மேசைக்குப் போய், கயிற்றுத் தடுப்புக்கு வெளியே குதிகாலை உயர்த்தி நின்று, ஒரு கிராண்ட்மாஸ்டரின் ஆட்டத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, தன் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். ஆட்டம் முடிந்ததும் உலோகம் கண்டறியும் கருவியால் இருவரையுமே சோதித்தோம், எதுவும் இல்லை. வென்றவள் அவள்தான். பிற்பாடு அந்த ஆட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். நான்கு நகர்வில் முடிந்திருக்க வேண்டிய மேட் ஒன்றை அவள் தவறவிட்டிருந்தாள்; அதைத் தடுக்க வேண்டும் என்பதைப் புகார் கொடுத்தவரும் பார்த்திருக்கவில்லை. திருட்டு ஆட்டம் அப்படி இருக்காது.

புகார் கொடுத்தவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எதிரே இருப்பவரின் பலத்தைப் பட்டியலில் உள்ள எண்ணைக் கொண்டு முடிவுசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பலகை வேறு ஒன்றைச் சொன்னபோது எண்ணைச் சந்தேகிக்காமல் சிறுமியைச் சந்தேகித்தார்.

பிள்ளைகளிடம் இன்னும் பழுக்காத இடமும் உண்டு, அது விதிகள். ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது, டிரா வேண்டும் என்றால், அந்த நகர்வைத் தாளில் எழுதிவிட்டு, காயைத் தொடாமல் நடுவரை அழைக்க வேண்டும். எட்டு வயதுப் பையன் ஒருவன் காயை நகர்த்திக் கடிகாரத்தையும் அமுக்கிவிட்டுக் கையை உயர்த்தினான். மூன்றாம் முறை என்று அவன் சொன்னது முற்றிலும் சரி. ஆனாலும் அவனுடைய கோரிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. எதிரே இருந்த பெரியவருக்கு விதி நன்றாகத் தெரியும். வேறு நகர்வுக்கு மாறி வென்றுவிட்டார். சில மாதங்கள் கழித்து இன்னொரு போட்டியில் அதே பையன் என்னை அழைத்தான். அருகே போனபோது இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தான். தாளில் நகர்வு எழுதப்பட்டிருந்தது. "31, 35, இப்போது 39" என்று மூன்று நகர்வு எண்களை மட்டும் சொன்னான். சரிபார்க்க எனக்குத்தான் நேரம் பிடித்தது.

ஒரு சிறுமியின் தந்தை:

ஐயா 17க்கு 34 என்ற கணக்கை எழுதியிருக்கிறார். அந்த 40 இரு பக்கமும் வெட்டும் என்பதை நான் எழுதியாக வேண்டும்.

என் மகளுக்குப் பதினொரு வயது. 1900ஐத் தாண்டியிருந்த நேரத்தில் ஒரு போட்டியில் ஏழு தரப்புள்ளி ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி எடுத்தாள். அவளிடம் எதிர்பார்க்கப்பட்டது நான்கு. குறைந்த மூன்றை நாற்பதால் பெருக்கினால் 120. ஐந்து நாளில் அத்தனையும் போயிற்று. அவளைத் தோற்கடித்தவர்களில் நான்கு பேர் அவளைவிடச் சின்னவர்கள், பட்டியலில் அவளுக்கு வெகு கீழே இருந்தவர்கள். ஐயாவுக்கு என் மகள் எப்படித் தெரிவாளோ, என் மகளுக்கு அவர்கள் அப்படித் தெரிந்தார்கள்.

அரங்கத்துக்குள் பெற்றோருக்கு அனுமதி இல்லை. வெளியே கதவைப் பார்த்தபடி நிற்போம். கதவு திறக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்தே முடிவு தெரிந்துவிடும் என்பார்கள். என் மகள் விஷயத்தில் அது பொய். வென்றாலும் தோற்றாலும் தாளை மடித்துக்கொண்டு ஒரே நடையில் வருவாள், வண்டியில் ஏறிக் கதவை மூடிய பிறகுதான் அழுவாள்.

வெளியே நிற்கும் அந்தக் கூட்டத்தில் பேச்செல்லாம் வயதைப் பற்றியதுதான். யார் எத்தனை வயதில் எந்தப் பட்டம் பெற்றார் என்பதை நாள் கணக்கோடு ஒப்பிப்பார்கள். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 புள்ளியைத் தொட வேண்டும், அதோடு 2600 தரத்தில் ஆடியதற்கான நார்ம்கள், அதாவது தகுதிச் சான்றுகள், மூன்று வேண்டும். 1900இல் இருக்கும் பிள்ளைக்கு அந்த நாட்களை எண்ணிப் பார்ப்பது வானத்து நட்சத்திரத்துக்கு முழம் போடுவது போன்றது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எண்ணியிருக்கிறேன்.

அதிலிருந்து என்னை மீட்டது குகேஷின் கதை. செர்கேய் கார்யாக்கின் 12 ஆண்டு 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். 2002 முதல் 2021 வரை அதுவே சாதனை. 2019 ஜனவரியில் குகேஷ் அதே பட்டத்தைப் பெற்றபோது அவருக்கு வயது 12 ஆண்டு 7 மாதம் 17 நாள். பதினேழு நாளில் சாதனை கைநழுவியது. அன்று வெளியே நின்ற பெற்றோர்கள் அதை எவ்வளவு பேசியிருப்பார்கள்! சாதனையை வைத்திருந்த கார்யாக்கின் 2016இல் உலகப் பட்டத்துக்கு மோதி, பதின்மூன்று வயது கடந்த பின் கிராண்ட்மாஸ்டரான கார்ல்சனிடம் தோற்றார். பதினேழு நாளில் தவறவிட்ட குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அப்போதைய சாம்பியன் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். அதற்கு முன்பு காஸ்பரோவ் 1985இல் இருபத்திரண்டு வயதில் ஆனதே சாதனை. லூசெனாவில் தோற்ற ஐயாவுக்கு ஒரு செய்தி: அந்தப் போட்டியின் கடைசி ஆட்டமான பதினான்காவது ஆட்டத்தில் டிங்கும் ஒரு சிப்பாய் குறைவாக, டிரா செய்யக்கூடிய நிலையில்தான் இருந்தார். ஐம்பத்தைந்தாவது நகர்வில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார்.

120 புள்ளிகள் போன பிறகு என் மகள் ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டாள். சுற்றுக்கான பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டதும் நேராகப் போய், ரேட்டிங் இருக்கும் பத்தியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, பெயரையும் மேசை எண்ணையும் மட்டும் படித்துவிட்டு வருவாள். பின்னால் நிற்பவர்கள் கையை எடு என்று முணுமுணுப்பார்கள். அவள் எடுப்பதில்லை.

கிளப் ஆட்டக்காரர், மீண்டும்:

டிங்கின் துணை எனக்குக் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

பாலம் கட்டிய அந்தப் பையனை ஒன்றரை ஆண்டு கழித்து வேறொரு போட்டியில் பார்த்தேன். பதினொரு வயது, 2050 புள்ளி. குரல்கூடக் கொஞ்சம் மாறியிருந்தது. என்னை நினைவில்லை என்பதை மரியாதையாகச் சொன்னான். இரண்டாம் சுற்றுக்கு முன் பட்டியலின் அருகே நகத்தைக் கடித்தபடி நின்றுகொண்டிருந்தான். எதிராளிக்கு ஏழு வயது, 1702. பிறகென்ன கவலை என்று கேட்டேன். "இவன் ஐந்து மாதமாக எங்கேயும் ஆடவில்லை அங்கிள். இந்த எண் அப்போது உள்ளது" என்றான்.

ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும். அந்தப் பக்கமாகப் போனபோது, அவன் தலையை இரு கைகளாலும் தாங்கிப் பன்னிரண்டாவது நகர்வுக்காக யோசித்துக்கொண்டிருந்தான். கடிகாரத்தில் அவனுடைய நேரம்தான் ஓடியது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. என் மேசைக்குத் திரும்பினேன். அந்த ஏழு வயதுக்காரன் அங்கே நின்று, மேசை விளிம்பில் மோவாயை வைத்து என் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.