மூடிய ஜாடிக்குள் நீர்: சேலத்திலிருந்து ஏற்காடு வரை

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்:

இறுக மூடிய பாத்திரத்தில் ஆவியாதல் நின்றுவிடுகிறது என்றே மாணவர்கள் பலர் விடைத்தாளில் எழுதுகிறார்கள். அது நிற்பதே இல்லை. நீர்ப்பரப்பை விட்டு வெளியேறும் மூலக்கூறுகளும் அதற்குத் திரும்பி வரும் மூலக்கூறுகளும் சம அளவை எட்டிவிடுவதால் நீர்மட்டம் மாறாமல் இருக்கிறது, அவ்வளவுதான். இதைக் கண்ணால் காட்டிவிட வேண்டும் என்று, கண்ணாடி ஜாடி ஒன்றில் பாதியளவு நீர் ஊற்றி, ரப்பர் வளையம் வைத்து மூடி, மாணவர்களோடு ஏற்காடு பேருந்தில் எடுத்துச் சென்றேன்.

அடிவாரத்தில் ஜாடியின் உட்புறம் தெளிவாக இருந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏற, ஜன்னல் காற்று பட்ட பக்கத்தில் மட்டும் மெல்லிய வெண்படலம் தோன்றியது. பிறகு அது பொடித்துளிகளாகித் திரண்டு, ஒன்றோடொன்று கலந்து, கனம் தாங்காமல் கோடுகளாக வழியத் தொடங்கியது. ஒரு மாணவி தன் மடியோடு அணைத்திருந்த பக்கத்தில் மட்டும் கடைசிவரை ஒரு துளியும் படியவில்லை.

30 டிகிரி செல்சியஸில் தெவிட்டிய காற்றில், அதாவது இனி நீராவியை ஏற்க முடியாத அளவுக்கு நிறைந்த காற்றில், கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் இருக்கும். ஒரு லிட்டர் காற்றுக்குக் கணக்கிட்டால் வித்தியாசம் வெறும் 13 மில்லிகிராம், அதாவது ஒரு சொட்டில் ஏறத்தாழ கால் பங்குதான் தேறும். அப்படியானால் வழிந்தோடும் அளவுக்கு நீர் எங்கிருந்து வந்தது என்று அந்த மாணவி கேட்டாள். அன்றைய பயணத்தின் முழுப் பயனும் அந்தக் கேள்விதான் என்று நான் கருதுகிறேன். கண்ணாடி விரைவில் குளிர்ந்துவிடுகிறது. நீரோ மெதுவாகத்தான் குளிரும். ஆகவே வெதுவெதுப்பான நீர் தொடர்ந்து ஆவியை விட, குளிர்ந்த சுவர் அதைத் தொடர்ந்து துளியாக்கிக்கொண்டே இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து ஒரு சிறு காபி விவசாயி:

ஆசிரியர் ஐயா விளக்கிய அதே செயல்தான் எங்கள் விளைச்சலைக் கெடுப்பதும். களத்தில் காய்ந்த பார்ச்மென்ட் கொட்டையை, அதாவது பழத்தோல் நீக்கி உள் உமியோடு இருக்கும் காபிக் கொட்டையை, சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டால், நடுவிலுள்ள கொட்டைகள் விடும் ஈரம் இரவுக் குளிரில் பையின் உட்புறத்தில் வியர்வையாகப் படிந்து, ஓரத்துக் கொட்டைகளில் பூஞ்சை பிடிக்கக் காரணமாகிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டு நீரும் உள்ளே போகாமலேயே இது நடந்துவிடும் என்பதால், புதிதாகத் தோட்டம் எடுத்தவர்கள் பை ஓட்டையாக இருக்குமோ என்று தேடுகிறார்கள். ஈரப்பதம் 10 முதல் 12 விழுக்காட்டுக்கு இறங்கியபின், நிழலில் நன்றாக ஆறவிட்டு, காற்றோட்டமுள்ள சணல் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குவதே எங்கள் வழக்கம்.