விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் எந்தத் தளமும் திறக்கவில்லை, தூக்கிப் போடாமல் வழி உண்டா?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடி பக்கம் கிராமம். வீட்டில் இருப்பது கோர் 2 டுவோ, 2 ஜிபி ராம், விண்டோஸ் 7, அக்கா கல்லூரியில் படித்தபோது வாங்கியது. மேட்டூர் நீர்மட்டம் பார்க்கணும், சிட்டா எடுக்கணும், கரண்ட் பில் கட்டணும், அம்மாவுக்கு யூடியூப், அவ்வளவுதான். குரோமில் எதைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று வருகிறது. அதுவும் தினமும் இல்லை, மழை பெய்த மறுநாள் மட்டும் கட்டாயம் மக்கர் செய்யும். லைன் நனைந்துவிட்டதோ என்று பார்த்தால் அதே மோடத்தில் போன் ஜோராக ஓடுகிறது. கடையில் போர்டு போச்சு, புதிது வாங்குங்கள் என்கிறார்கள்.

பழைய இரும்பு:
மழை வந்தால் பிளக்கைப் பிடுங்கி வைப்பீர்களா? திரையின் வலது மூலையில் தேதி என்ன?

வெண்ணாற்றங்கரை:
ஆமாம் அண்ணே, தென்னையில் இடி விழுந்ததிலிருந்து அம்மா விடுவதில்லை. தேதி 1.1.2009!

பழைய இரும்பு:
அப்போ போர்டு போகவில்லை தம்பி. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு செல் இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். பிளக் சொருகியிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி) வழியாகக் கொஞ்சம் மின்சாரம் வந்து கடிகாரம் ஓடும், பிடுங்கிவிட்டால் அந்தச் செல்தான் கதி, அது தீர்ந்துபோனதால் தேதி பின்னால் போய்விடுகிறது. ஒவ்வொரு தளமும் தான் அசல்தான் என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கும், அதற்குத் தொடங்கும் நாள், முடியும் நாள் உண்டு. 2009-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை. செல் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள், எழுத்துள்ள பக்கம் மேலே. அப்புறம் பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரையில், தேதியைச் சரிசெய்யுங்கள்.

குடமுருட்டி:
செல் சரி, ஆனால் அதோடு நிற்காதீர்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது, அதில் ஓடும் கடைசி குரோம் 109, அதுவும் 2023 தொடக்கத்தில் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்ட நாள் ஆதரவு தரும் பதிப்பு) பரவாயில்லை, குரோம் கைவிட்ட பிறகும் அதற்குத் திருத்தங்கள் வந்தன. இருந்தாலும் பணம் கட்டும் வேலையை விண்டோஸ் 7-இல் வைத்துக்கொள்ளாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் இலகுவான வகை எக்ஸ்எஃப்சிஇ-யைப் பென்டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் ஓட்டிப் பாருங்கள், மின்ட்டுக்கு 64 பிட் பிராசஸர் வேண்டும், கோர் 2 டுவோ அந்த வகைதான் என்பதால் தடையில்லை. பிடித்தால் ராமை 4 ஜிபி ஆக்கி, வன்தட்டுக்குப் பதில் வேகமான சின்ன எஸ்எஸ்டி ஒன்று போட்டு நிறுவுங்கள். யூடியூப் திக்கினால் வீடியோ தரத்தை 480-க்கு மேல் வைக்காதீர்கள். இப்போது வரும் வீடியோ வகையை விரிக்க அந்தக் காலத்து கிராபிக்ஸ் சில்லில் தனி வசதி இல்லை, எல்லா பாரமும் பிராசஸர் தலையில்தான்.

ஒருபோகம்:
இவ்வளவு பாடு எதற்கு, செகண்ட்ஹேண்டில் ஐ5 பிராசஸர் உள்ள கம்ப்யூட்டர் ஒன்று வாங்கலாமே?

வெண்ணாற்றங்கரை:
சம்பா அறுத்துக் காசு கைக்கு வரட்டும், பார்க்கலாம். செல் மாற்றிவிட்டேன் அண்ணே, 40 ரூபாய். நேற்று ராத்திரி நல்ல இடி, பிளக்கைப் பிடுங்கினோம், காலையில் தேதி அப்படியே நிற்கிறது. பென்டிரைவில் மின்ட்டும் ஓடுகிறது. பழைய பிரிண்டர்தான் அதில் தெரியவில்லை, சிட்டா எடுக்க அது வேண்டும், யாராவது ஓட்டியிருக்கிறீர்களா?