அண்ணன் சிங்களத்துல சொன்னது

ரொம்ப நாளா எழுதணும்னு மனசுல கெடந்தது. எங்க ஊரு இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ பக்கம், தேயிலைத் தோட்டம். அண்ணன் பதினாலு வருஷம் கொழும்பு புறக்கோட்டையில துணிக்கடையில நின்னவரு, 2022ல நெருக்கடி வந்து கடையில ஆள கொறைச்சதும் லயத்துக்கே, தோட்டத்து வரிசை வீட்டுக்கே, திரும்பி வந்துட்டாரு. தோட்டத்துல தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்து வேலை. அப்ப நாள் சம்பளம் 1000 ரூபா, அதுவும் முழுப் பேரு, அதாவது முழு நாள் வேலைன்னு பதிஞ்சாத்தான், 2024ல 1350 ஆக்கினாங்க, ஆனா அண்ணியோட நகை அடகுல, ரெண்டு புள்ளைங்க படிப்பு, தங்கச்சி கல்யாணக் கடன்னு எல்லாம் அவரு தலையிலதான்.

வாய தொறக்கவே மாட்டாரு. ராவு ரெண்டு மணிக்கு பாத்தா லைட் போடாம இஸ்தோப்புல, வாசத் திண்ணையில, குந்திக்கிட்டு இருப்பாரு, பக்கத்துல தேத்தண்ணி குடிக்காம ஆறிப்போயி கெடக்கும். கேட்டா "ஒன்னுமில்லடா, உள்ள புழுக்கமா இருக்கு"ம்பாரு. எங்க ஊருல அந்த நேரம் கம்பளி இல்லாம வெளிய இருக்க ஏலாது.

பெறகு நெஞ்சு வலி வந்துச்சு. மூணு தடவை ஆஸ்பத்திரி, மூணு தடவையும் ஈசிஜி நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவது தடவை ஒரு சிங்கள டொக்டர் அந்தக் காகிதத்த ஓரமா வச்சிட்டு, ராவைக்கு தூக்கம் வருதான்னு கேட்டாரு. அவ்வளவுதான். யாருக்கு எவ்வளவு கொடுக்கணும், காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கு போறப்ப கை நடுங்குறது, செத்தா தேவலன்னு ரெண்டு தரம் நெனைச்சது எல்லாத்தையும் சிங்களத்துல மூச்சு விடாம சொன்னாரு, நான் பக்கத்துல நிக்கிறேன், அதுவரைக்கும் வீட்டுல எங்களுக்கு அந்த விஷயத்துல ஒன்னுகூட தெரியாது. பஸ்ஸுல கேட்டேன். ஜன்னல பாத்துக்கிட்டே "தமிழ்ல சொன்னா அழுதிருவேன்டா"ன்னாரு.

அன்னைக்கு ராவே அண்ணி வீட்டுல இருந்த புல்லு மருந்து கேன பக்கத்து லயத்துல கொண்டு வச்சிட்டாங்க. சரியான வேலை. 1995ல இருந்து கடும் நஞ்சு மருந்துகள தடை பண்ணுன பெறகுதான் நம்ம நாட்டுல தற்கொலை பெருசா கொறைஞ்சது. இன்னொன்னு, பொலிஸ் கேஸ் ஆகிரும்னு பயந்து இன்னும் மறைக்கிறாங்க, தற்கொலை முயற்சி குற்றம்ங்கிற சட்டத்த 1998லயே எடுத்துட்டாங்க. உடனே பேச ஆளு வேணும்னா தேசிய மனநல நிறுவனத்தோட 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

இப்ப மாசத்துக்கு ஒருக்கா கிளினிக். கடன் அப்படியேதான் இருக்கு, தூக்கம் கொஞ்சம் வருது. போன கிழமை நானும் கூட வரவான்னு கேட்டேன், வேணாம்னு சொல்லல.