நாள் முழுக்க நின்று வேலை: கணுக்கால் வீக்கம், குதிகால் வலிக்கு என்ன வழி?

களியக்காவிளை ஜவுளி:
சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்களுக்காகக் கேட்கிறேன். காலை ஒன்பதரை முதல் இரவு எட்டரை வரை நிற்கணும். கிரானைட் தரை, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வெறுங்கால்தான். சாயங்காலம் கொலுசு சதையில் பதிந்து தடம் விழுகிற அளவுக்கு வீக்கம். வேறு சிலருக்குக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே குதிகால் குத்துகிறது. கொட்டம்சுக்காதி தைலம் தேய்த்து வெந்நீரில் கால் வைக்கிறார்கள். ராத்திரி சுகம், மறுநாள் பழையபடி. கடையில் என்ன மாற்றணும், வீட்டில் என்ன செய்யணும்?

குழித்துறை பிசியோ:
அண்ணே, இது ரெண்டும் ஒரே கோளாறு இல்லை. பிரித்துப் பார்க்கணும்.

வீக்கம் வருவது அசையாமல் நிற்பதால். காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் சதைதான்; அது சுருங்கி விரியாவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கி, நீர் திசுக்குள் கசிகிறது. அதனால் அரைமணிக்கு ஒருமுறை, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள், 20 தடவை. சேலை விரித்துக் காட்டும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குப் போனதும் மல்லாந்து படுத்து, கெண்டைக்காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்து, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி 15–20 நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்து எதிர் ஸ்டூலில் கால் நீட்டினால் பாதம் இடுப்பு மட்டத்தில்தான் நிற்கும், பலன் குறைவு. வீக்கம் இருக்கும்போது வெந்நீர் வேண்டாம். ரத்தக்குழாய் விரிந்து இன்னும் நீர் கட்டும். தைலம் தேய்ப்பதானால் பாதத்திலிருந்து முட்டி நோக்கி, மென்மையாக.

காலையில் முதல் அடியில் குத்துவது பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வு பிரச்சினை. ராத்திரி சுருங்கிக் கிடப்பதைத் திடீரென்று இழுப்பதால்தான் அந்தக் குத்து. கட்டிலை விட்டு இறங்குமுன்பே ஒரு காலை மறு தொடைமேல் போட்டு, கால்விரல்களை முட்டிப் பக்கமாக மடக்கி இழுத்து 10 எண்ணும்வரை பிடிக்கணும். 10 தடவை, ஒரு நாளைக்கு 3 வேளை. தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, துணி சுற்றி, உள்ளங்காலுக்கடியில் 5 நிமிடம் உருட்டலாம். இது ஆற மாதக்கணக்கில் ஆகும், நடுவில் விடக்கூடாது.

மார்த்தாண்டம் காலணி:
வெறுங்காலும் கிரானைட்டும்தான் முதல் எதிரி. கடைக்குள் மட்டும் போட என்று தனியாக ஒரு ஜோடி அனுமதியுங்கள், தெருமண் உள்ளே வராது. குதிகால் பக்கம் 2–3 செ.மீ. கனம், நடுவில் வளைவுக்குத் தாங்கல், பின்னால் பட்டை இருக்கணும். தட்டையான ஹவாய் உதவாது. சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது அளவு எடுங்கள்; காலையில் எடுத்தால் நாலு மணிக்கு இறுக்கும்.

கவுண்டர் பின்னால் பாய் போடுவதானால், தொழுவத்துக்குப் போடும் ரப்பர் பாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். அது கெட்டி, மெத்து கிடையாது. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கி உடனே எழும்பணும். ரொம்பப் பஞ்சாக இருந்தாலும் ஆகாது, நிலை தேடியே சதை களைத்துப்போகும். ஓரம் சரிவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தடுக்கும்.

பாறசாலை நர்ஸ்:
யாரைக் கண்டிப்பாக டாக்டரிடம் அனுப்பணும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், கெண்டைக்காலில் வலி, சூடு இருந்தால் அன்றைக்கே. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நேரே அவசரப் பிரிவு. காலையில் எழும்போதும் வற்றாத வீக்கம், முகம் உப்பல் என்றால் சிறுநீரகம், இதயம், தைராய்டு பார்க்கணும். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே கணுக்காலை வீங்க வைக்கும். தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைத் தினமும் போட்டால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி வீக்கம் கூடும். கருவாடு, ஊறுகாய், பப்படம் மூன்றும் ஒரே சாப்பாட்டில் வேண்டாம். சுகர் உள்ளவர்களுக்கு உணர்ச்சி மரத்திருந்தால் வெந்நீரும் ஐஸும் ஆபத்து, கொப்புளம் வந்தாலும் தெரியாது.

களியக்காவிளை ஜவுளி:
நன்றி அக்கா. இரண்டு பேருக்கு நரம்பு புடைத்துச் சுருண்டிருக்கிறது. இறுக்கமான காலுறை வாங்கிக் கொடுத்தால் போதுமா?

பாறசாலை நர்ஸ்:
அவர்களுக்கு முதலில் டாப்ளர் ஸ்கேன், அதாவது காலில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன். பாதத்துக்கு ரத்தம் போகும் தமனி அடைத்திருந்தால் காலுறை கெடுதல் செய்யும். டாக்டர் சரி என்றால், 15–20 எம்எம் எச்ஜி அழுத்தம், முட்டிக்குக் கீழ் வரை. கணுக்காலின் ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் பருத்த இடம் இரண்டையும் காலையில் டேப்பால் அளந்து வாங்குங்கள். எழுந்ததும் வீங்குமுன் போட்டு, படுக்கும்போது கழற்றணும். மேல் விளிம்பை மடித்துவிடவே கூடாது. அந்த இடம் கயிறு கட்டினமாதிரி இறுகி, கீழே வீக்கம் கூடும்.

குழித்துறை பிசியோ:
அண்ணே, ஸ்டூலும் போடுங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்த்து ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயமாக்கிவிட்டார்கள், கேரளத்தில் 2018-லேயே வந்தாச்சு. வாடிக்கையாளர் இல்லாத நேரம் உட்காரலாம் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லணும்; சொல்லாவிட்டால் ஸ்டூல் இருந்தும் யாரும் உட்காரமாட்டார்கள். நிற்கும் இடத்தில் 10–15 செ.மீ. உயரத்தில் ஒரு மரப்பலகையும் வைத்து, கால் மாற்றி மாற்றி ஏற்றி நிற்கச் சொல்லுங்கள்.