பாட்டைப் பாதியில் விடும் படி கை: மேடைக் கலையா, பழக்க தோஷமா?

கம்பிநாதம்:
சிகாகோ ப்ளூஸ் கிட்டார் கலைஞர் படி கையின் (Buddy Guy) நிகழ்ச்சி என்றாலே கிட்டாரோடு கூட்டத்துக்குள் நடந்துபோவது, கம்பிகளைத் துண்டால் தேய்ப்பது, ட்ரம் குச்சியால் தட்டுவது, இதையே எல்லாரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு இருக்கும் குறை வேறு. எடுத்த பாட்டை மனிதர் முடிப்பதில்லை. இரண்டு சரணம், அரை சோலோ, உடனே கையைக் காட்டி பேண்டை நிறுத்திவிட்டு ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் பாணியில் கொஞ்சம், ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பாணியில் கொஞ்சம். 1963-ல் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் ‘ஃபோக் சிங்கர்’ ஒலிப்பதிவில் அக்கூஸ்டிக் கிட்டாரோடு உட்கார்ந்து வாசித்தவரும் இவர்தான். வயது 27. மடி ஒரு வரி பாடி மூச்சு விடும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று ஸ்வரம், பிறகு மௌனம். 1965-ல் பாடகரும் ஹார்மோனிகா வாசிப்பவருமான ஜூனியர் வெல்ஸின் ‘ஹூடூ மேன் ப்ளூஸ்’ இசைத்தட்டிலும் அதே அடக்கம். இப்படி வாசிக்கத் தெரிந்தவர் மேடையில் ஏன் சிதறுகிறார்?

சவுத்சைடு:
நீங்கள் காட்டும் இரண்டுமே அடுத்தவர் ஆல்பம், கம்பிநாதம். அங்கே அவர் பக்கவாத்தியம். பாடகருக்கு இடம் விடுவதுதான் வேலை. அதை வைத்து அவருடைய சொந்தக் கச்சேரியை அளக்க முடியாது.

1957 செப்டம்பரில் லூசியானாவிலிருந்து சிகாகோ வந்தவர் மனதில் இருந்தது ப்ளூஸ் கிட்டார் கலைஞர் கிட்டார் ஸ்லிம். நீளமான வயரை இழுத்துக்கொண்டு அரங்குக்குள் வாசித்தபடியே நுழைவது ஸ்லிம்மின் வழக்கம். ஓடிஸ் ரஷ், மேஜிக் சாம் மாதிரி கிட்டார் ஆட்கள் இருந்த ஊரில் படி பிழைத்தது அந்தத் துணிச்சலால்தான். ஆனால் செஸ் இசைத்தட்டு கம்பெனியில் முதலாளி லியோனார்ட் செஸ்ஸுக்கு அந்தச் சத்தமும் ஃபீட்பேக் ஊளையும் பிடிக்கவில்லை; அங்கே இருந்த காலத்தில் பெரும்பாலும் பிறர் பாட்டுக்கு வாசிக்கவே வைத்தார். ஸ்டுடியோ பாதி ஆளைத்தான் பிடித்தது. முழு ஆள் இருந்தது மேடையில். 1968-ல் ஹென்ட்ரிக்ஸ் அவர் வாசிப்பதை நேரில் உட்கார்ந்து டேப்பில் பதிவு செய்தது சும்மா இல்லை.

ஒலிமேசை:
கூட்டத்துக்குள் நடப்பதை வித்தை என்று ஒதுக்குகிறவர்களுக்கு அதில் உள்ள சிரமம் தெரிவதில்லை.

முதலில் வயர். சாதாரண கிட்டார் வயருக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கபாசிடன்ஸ் (மின்தேக்குத் திறன்); வயர் நீள நீள அது கூடும், உச்ச ஒலி குறையும். 6 மீட்டர் வயரில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஒத்ததிர்வு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். அந்தக் ‘கிண்’ சத்தம் அங்கேதான். 45 மீட்டர் வயர் போட்டால் அது 1500 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். சத்தம் கம்பளி போர்த்தியது போல் மந்தமாகும். ஆம்பில் ட்ரெபிளைத் திருகினாலும் போனது திரும்பாது, இரைச்சல்தான் கூடும். வயர்லெஸ் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை ஒழிந்தது.

ஒழியாதது தாமதம். ஒலி 30 மீட்டர் கடக்க ஏறக்குறைய 0.09 வினாடி ஆகும். மேடையிலிருந்து அவ்வளவு தூரத்தில் நிற்பவருக்கு ட்ரம் அந்த அளவு பிந்தித்தான் கேட்கும். கேட்டதோடு சேர்ந்து வாசித்தால் அவருடைய ஸ்வரம் மேடையிலிருக்கும் ஆம்பில் 0.09 வினாடி பிந்தி விழும். நிமிடத்துக்கு 160 தாள அடி போகும் ஷஃபிளில் (ஒவ்வோர் அடியையும் மூன்றாகப் பிரித்து வாசிக்கும் ரிதம்) ஓர் அடியின் மூன்றில் ஒரு பங்கே 0.125 வினாடிதான். தாளம் சிதறிவிடும். நிமிடத்துக்கு 60 அடி போகும் மெதுவான ப்ளூஸில் அதே மூன்றில் ஒரு பங்கு 0.33 வினாடி, அங்கே சமாளிக்கலாம். அதனால்தான் கூட்டத்துக்குள் வேக ரிதம் சரிப்படாது; கம்பியை வளைத்து இழுத்து நிறுத்தும் பெண்ட், இடைவெளி, திரும்ப ஒரு கொத்து, இதுதான் தாங்கும். ட்ரம்மர் கிட்டாரைக் கவனிக்காமல் பேஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கிட்டாரைத் துரத்தினால் பாட்டு நிமிடத்துக்கு நிமிடம் தளர்ந்துகொண்டே போகும்.

கம்பிநாதம்:
நடப்பதை நான் குறை சொல்லவே இல்லையே. முடிக்காததைத்தான் சொல்கிறேன். 1968-ல் வான்கார்ட் கம்பெனி வெளியிட்ட ‘திஸ் இஸ் படி கை’ நேரடிப் பதிவுதான். அதில் பாட்டு பாட்டாகவே இருக்கிறது. ஆக, மேடை என்றாலே இப்படித்தான் என்பது நிற்காது. 1991-ல் ‘டேம் ரைட்’ ஆல்பமும் கிராமியும் பெரிய அரங்குகளைக் கொண்டுவந்த பிறகு படிந்த பழக்கம் இது.

சவுத்சைடு:
பழக்கம் என்றால், காரணம் உள்ள பழக்கம். ஹூக்கர், மடி, ஜூனியர் வெல்ஸ் யாரும் இன்று இல்லை. அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று அருகில் இருந்து பார்த்த கை இவருடையது. ஒவ்வொருவர் பாணியிலும் நான்கு வரி வாசித்துக் காட்டுவது அவருக்குக் கடமை மாதிரி. பன்னிரண்டு பாரை (ப்ளூஸின் ஒரு சரணச் சுற்று) ஐந்து முறை சுற்றி முடித்தால்தான் பாட்டு முழுமை என்று நான் ஏற்கவில்லை.

கம்பிநாதம்:
நான்கு வரியில் மடி வாட்டர்ஸ் வரமாட்டார். அந்த மெதுவான பாட்டுகளின் பலமே மூன்றாவது நான்காவது சரணத்தில்தான் ஏறும். இறுக்கம் சேர்வதற்குள் வெட்டினால் கேட்பவருக்குக் கிடைப்பது அடையாளம் மட்டும்.

ஒலிமேசை:
இறுக்கம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது: படியின் பெரிய ஆயுதம் சத்தம் இல்லை, சத்தத்தை இறக்குவது. முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கிட்டார் வால்யூமைச் சுண்டுவிரலால் சுழற்றி இறக்கி, மைக்கை விட்டு விலகிப் பாடுவார். இதற்கு மொத்த பேண்டும் கூடவே இறங்க வேண்டும்: ட்ரம்மர் ஸ்நேரை விட்டுக் குச்சியை விளிம்பில் படுக்கவைத்துத் தட்ட வேண்டும், பேஸ் உள்ளங்கையால் கம்பியை அடக்க வேண்டும். ஒருவர் சிம்பலை அடித்தால் போச்சு.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் மிக்சரில் இருப்பவர். குரல் கேட்கவில்லை என்று ஃபேடரை ஏற்றுவார். மைக் ஊளையிடும்; அடுத்த நொடி படி முழு வால்யூமில் அடிக்கும்போது முன்வரிசைக்குக் காது போகும். கிட்டார் சேனலில் நாய்ஸ் கேட் (மெல்லிய சத்தத்தைத் தானே வெட்டும் கருவி) போட்டிருந்தால் மெல்லிய ஸ்வரத்தின் வால் அறுந்துவிடும். நாய்ஸ் கேட்டை எடுத்துவிட்டு, ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஷனைக் குறைத்து, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே சரி.

புதுக்காது:
புதிதாகக் கேட்பவன் எதில் தொடங்கலாம்? சண்டை நடுவில் மன்னிக்கவும்.

சவுத்சைடு:
‘ஸ்டோன் கிரேஸி’, 1979-ல் பிரான்சில் பதிவானது. ஸ்டுடியோதான், ஆனால் கடிவாளம் போட ஆளில்லை. மேடைப் பதிவு வேண்டுமென்றால் 2012-ல் வந்த ‘லைவ் அட் லெஜண்ட்ஸ்’. லெஜண்ட்ஸ் சிகாகோவில் அவருடைய சொந்த கிளப். ஹூக்கர், ஹென்ட்ரிக்ஸ் துண்டுகளும் அதில் உண்டு. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கம்பிநாதம்:
அதற்கு முன் ‘லாஸ்ட் டைம் அரவுண்ட்’ கேளுங்கள் தம்பி. 1993-ல் அதே லெஜண்ட்ஸில், ஜூனியர் வெல்ஸோடு, அக்கூஸ்டிக் கிட்டார். பாலிஷோ வாணவேடிக்கையோ கிடையாது. வெல்ஸ் பாட்டைப் பிடித்துக்கொள்கிறார், படி ஓடாமல் கூட நிற்கிறார். எனக்கு வேண்டிய படி கை அங்கே இருக்கிறார்.

சவுத்சைடு:
மறுபடியும் இன்னொருவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டீர்கள். 2023-ல் விடைபெறும் சுற்றுப்பயணம் என்று கிளம்பி, 2025 ஜூலையில் 89-வது பிறந்தநாளன்று புது ஆல்பமும் வெளியிட்டவர். அவர் தனியாக நடுவில் நிற்கும் பதிவுகளை வைத்துப் பேசுங்கள், பதில் சொல்கிறேன்.

கம்பிநாதம்:
சரி. 1968 வான்கார்ட் பதிவு, 2012 லெஜண்ட்ஸ் பதிவு. இரண்டிலும் மெதுவான ப்ளூஸ்களை மட்டும் எடுத்து, எந்தச் சரணத்தில் இறங்குகிறார், எங்கே வெட்டுகிறார் என்று நேரக்குறிப்போடு தனி இழையில் போடுகிறேன். அங்கே வாருங்கள்.