எக்ஸ்ரே கதிர் படாம இருக்க போடுற லெட் ஏப்ரன் (ஈய அங்கி) கழட்டுனப்புறம் கை தூக்க முடியுதா உங்களுக்கு?

கேத்லேப்நைட்:
நேத்து ஒரு சிடிஓ கேஸ் (முழுசா அடைச்சுப்போன இதய ரத்தக்குழாயைத் தொறக்கறது), மூணரை மணி நேரம். ஏப்ரன் சிங்கிள் பீஸ், 0.5 எம்எம் ஈயத்துக்கு சமம், கழுத்துல தைராய்டு காலர் வேற. கேஸ் நல்லபடியா முடிஞ்சுது, அத விடுங்க. வெளிய வந்து ஏப்ரனை ஹேங்கர்ல மாட்டலாம்னு பாத்தா வலது கை தோளுக்கு மேல போகவே மாட்டேங்குது. ஏப்ரனை கட்டிப்புடிச்சுக்கிட்டு செவுத்தோரமா நிக்கிறேன், சிஸ்டர் வந்து கைக்குழந்தைய வாங்குற மாதிரி வாங்கி மாட்டுனாங்க. வெக்கமா போச்சு.

ஸ்க்ரப்சிஸ்டர்:
டாக்டர் நீங்களாச்சும் வெளிய வந்தப்புறம். எனக்கு நெயிலிங் கேஸ் (உடைஞ்ச எலும்புக்குள்ள கம்பி வைக்கறது) நடுவுல ஏப்ரன் ஸ்கர்ட் வெல்க்ரோ விட்டுப்போச்சு, கிருமியில்லாம கை கழுவி ஸ்க்ரப் ஆயிட்டேன், இடுப்புல கை வைக்க முடியாது, முட்டி ரெண்டையும் இறுக்கி அது நழுவாம புடிச்சுக்கிட்டே டிரில்லை எடுத்துக் குடுக்கறேன். ஸ்க்ரப் ஆகாத சர்குலேட்டிங் சிஸ்டர் பின்னாடி வந்து கவுனுக்குள்ள கைய விட்டு கட்டுற வரைக்கும் மூச்சே விடல.

பழையடெக்:
எனக்கு கீழ்முதுகுல எல்4 எல்5 டிஸ்க் போயிடுச்சு, அவ்ளோதான் என் கதை. சிங்கிள் பீஸை மொதல்ல விடுங்க, மொத்த வெயிட்டும் தோள்லதான். டூ பீஸ்ல (மேல வெஸ்ட், கீழ ஸ்கர்ட்) ஸ்கர்ட்டை இடுப்பெலும்பு மேல இறுக்கி கட்டுனா பாதி பாரம் இறங்கிடும். சிலதுல முன்னாடி வர்ற ரெண்டு பக்கமும் தனித்தனியா 0.25 எம்எம்தான், ஒண்ணு மேல ஒண்ணு ஏறினாத்தான் 0.5, லூசா கட்டுனா அதுவும் போச்சு. சீலிங்ல தொங்குற ஷீல்டை ஓரம் தள்ளாம கிட்ட இழுங்க, ஸ்கேட்டர் (சிதறி வர்ற எக்ஸ்ரே) வர்றதே பேஷன்ட் உடம்புல இருந்துதான். சினி (எக்ஸ்ரே வீடியோ பதிவு) எடுக்கறப்ப பின்னாடி போங்க, தூரம் ரெண்டு மடங்கானா டோஸ் கால்வாசி. அப்புறம் ஏப்ரனை மடிச்சு சேர் மேல போடுற மகராசங்களே, உள்ள கிராக் விழும், வெளிய தெரியாது, வருஷத்துக்கு ஒருதடவ ஃப்ளூரோல (நேரடி எக்ஸ்ரே படம் காட்டுற மெஷின்ல) வச்சு பாருங்க.

அஞ்சடிஆள்:
பழையடெக் அண்ணா, டூ பீஸ் யாரு வாங்கித் தரப்போறா? எங்க ரேக்ல தொங்குறது எல்லாமே ஆறடி ஆளுக்கு தச்சது. நான் போட்டா கை ஓட்டை விலா வரைக்கும் பப்பரப்பேன்னு தொறந்து கெடக்கு, டேபிளுக்கு பக்கவாட்டுல நிக்கிற எனக்கு ஸ்கேட்டர் நேரா மார்புக்குத்தான். டிஎல்டி பேட்ஜ் (நம்ம மேல பட்ட கதிர் அளவை பதியுறது) நெஞ்சுல ஏப்ரனுக்கு உள்ள பத்திரமா இருக்கு, ரீடிங் அழகா வருது, அந்த ஓட்டைய அது எங்க பாக்கப்போகுது? சுமக்குறதும் சுமந்து இதுவுமா?

கேத்லேப்நைட்:
கை ஓட்டை விஷயம் நான் யோசிச்சதே இல்ல. இன்னிக்கு இடது கையாலதான் பல்லு தேச்சேன். மத்தியானம் ரெண்டு ஆஞ்சியோ இருக்கு.